பதினாறு எக்ஸும் கடைசி மூன்று நிமிடமும்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு கம்ப்யூட்டர் திரை டிஸ்க் எழுதும் வேகத்தை 4X என்று காட்டியது. கையில் இருந்த டிஸ்க் பெட்டியில் 16X என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் முதல் நாள் மாப்பிள்ளையிடம் வாயை விட்டிருந்தேன்.

"ஆறு டிஸ்க்தானே தம்பி? ஒண்டுக்கு ஆறு நிமிசம். பத்து மணிக்கு முதலே ரெடி."

முள்ளியவளையில் ஒரு ஸ்டூடியோவில் இருபது வருடமாக வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று நான் எழுதிக் கொடுத்த டிஸ்க்குகளை அடுக்கினால் கூரையைத் தொடும். அப்படிப்பட்ட நானே மாட்டுப்பட்டேன் என்றால், புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்பது நல்லது.

மாப்பிள்ளை சுதன் பிரான்சில் இருந்து வந்து இங்கே நிரோஜாவைக் கட்டியவர். அவருடைய தாய் அங்கே வருத்தக்காரி. நீண்ட பயணம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரே மகனின் கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. அதனால் வீடியோவின் கடைசி மூன்று நிமிடத்தை சுதன் தாய்க்கென்றே வைத்திருந்தார். வற்றாப்பளைக் கோயில் வீதியில் நிரோஜாவைப் பக்கத்தில் நிறுத்தி, கமராவைப் பார்த்து தாயோடு கதைத்திருந்தார்.

"பென் டிரைவிலை தரட்டோ?" என்று கேட்டேன்.

"அம்மான்ரை டீவி பழசு அக்கா. அதிலை டிவிடி மட்டும்தான் ஓடும். போனிலை பாத்தா அவாவுக்குக் கண்ணெரியும். டிஸ்க்தான் வேணும், நான் கையோடை கொண்டு போகோணும்."

வெள்ளிக்கிழமை விமானம். வான் பத்தேகாலுக்கு ஸ்டூடியோ வாசலுக்கு வரும், டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கட்டுநாயக்காவுக்குப் பறக்கும். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வெளிக்கிட வேண்டும் என்பது நிரோஜாவின் பெரியப்பாவின் கட்டளை. அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் சந்தைக்கும் போகாத மனிதர்.

ஆகவே 4X என்று கண்டதும் நான் அலறினேன். முதலாளி அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார்.

"16X எண்டு போட்டிருக்கு, பிறகேன் நாலிலை போகுது? உந்த மெஷினுக்கு விசர். நிப்பாட்டு தங்கச்சி! மற்றதிலை போடு."

இங்கேதான் முதல் பிழை விட்டேன். ஓடிக்கொண்டிருந்ததை நடுவில் நிறுத்தினேன். இந்த வகை டிஸ்க்கில் ஒருமுறைதான் எழுதலாம். அது அந்த இடத்திலேயே குப்பை.

மெஷினுக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. டிஸ்க்கைப் போட்டவுடன், அதை எழுதும் மெஷினான ரைட்டர் முதலில், நீ ஆர், எந்தக் கொம்பனி என்று பார்க்கும். டிஸ்க்கிலேயே அந்த விபரம் பதிந்திருக்கும். பழக்கமான டிஸ்க் என்றால் அதற்கு எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று ரைட்டருக்குத் தெரியும். ஆளைத் தெரியாவிட்டால் அவசரப்படாது, தன் பாட்டில் நாலில் போகும். நாங்கள் வழக்கமாக வாங்கும் டிஸ்க் அந்தக் கிழமை வவுனியாவில் முடிந்துவிட்டது. அண்ணை புதிதாக ஏதோ ஒன்றை வாங்கி வந்திருந்தார். பழைய ரைட்டருக்கு அது முன்பின் தெரியாத முகம்.

மற்ற ரைட்டர் கொஞ்சம் புதிது. அது 16Xஇல் எழுதச் சம்மதித்தது. ஏழு நிமிடத்தில் டிஸ்க் வெளியே வந்தது. அண்ணை வெற்றி வீரர் மாதிரி நின்றார்.

"பாத்தியே?"

நான் அதை டிவிடி பிளேயரில் போட்டு ஓடவிட்டேன். மணவறை, தாலி, அறுகரிசி எல்லாம் பளிச்சென்று இருந்தன. கடைசிக்குத் தள்ளினேன். சுதன் வாயைத் திறந்து, "அம்மா, இவதான்..." என்றார். அவ்வளவுதான். முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

இன்னும் மூன்று எழுதிப் பார்த்தோம். அவையும் "அம்மா" என்றதோடு சரி.

"தங்கச்சி, முக்கியமானதெல்லாம் வருகுதுதானே. கடைசி மட்டும் ஆர் பாக்கிறது?" என்றார் அண்ணை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த அம்மா பார்ப்பா அண்ணை. அவாவுக்குக் கடைசிதான் கல்யாணமே!"

அண்ணை புது டிஸ்க் இரண்டை எடுத்து நீட்டினார். நல்ல மனிதர், பதற்றத்தில்தான் அப்படிக் கதைத்தார்.

ஏன் கடைசியில் மட்டும் பழுது? டிவிடி உள்ளிருந்து வெளியே நோக்கி எழுதப்படும். களத்தில் நெல் பிரிக்கச் சூடு மிதிக்கிற மாடுகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நடுக் கட்டைக்குப் பக்கத்து மாடு ஆறுதலாக நடக்கும், வெளிப்பக்கத்து மாடு அதே சுற்றுக்கு ஓட வேண்டும். டிஸ்க்கும் அப்படித்தான். 16X என்று போட்டிருந்தாலும் உள்ளே ஆறு, ஏழில்தான் தொடங்கும். பதினாறைத் தொடுவது வெளி விளிம்பில், கடைசிக் கொஞ்ச நேரம் மட்டும். டிஸ்க் தரம் குறைந்தது என்றால் அந்த ஓட்டத்தைத் தாங்காமல் விளிம்பில்தான் பழுதாகும். எங்கள் விளிம்பில் சுதன் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மெஷினையும் நாலில் வைத்து, இரண்டு டிஸ்க்கைப் போட்டு அழுத்தினேன். எழுத மட்டும் கால் மணித்தியாலம் வேண்டும். அழுத்திய கை எடுக்கமுன் வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. மணி பத்தேகால்.

இறங்கி வந்த சுதனிடம் ஒளிக்காமல் சொன்னேன். "தம்பி, என்ரை பிழை. பெட்டியிலை போட்டிருந்ததை நம்பிச் சொல்லிப்போட்டன். பத்தே முக்காலுக்கு ரெண்டு தாறன். மிச்சம் நாலையும் பிரான்சுக்குப் போறாக்களிட்டைக் குடுத்து விடுறன்."

அவருடைய முகம் வாடியது. வானுக்குள் இருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"பத்தே முக்காலோ? ராகுகாலத்திலை பயணம் வெளிக்கிடுறதோ? டிஸ்க்கும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஏறு மோனை!"

சுதன் அசையாமல் நின்றார். அப்போது நிரோஜா வான் ஜன்னல் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினாள். மூன்று கிழமைப் புதுப்பெண், அதுவரை அவள் பெரியப்பா முன்னால் வாய் திறந்ததை நான் கண்டதில்லை.

"பெரியப்பா, நாங்கள் வீட்டிலை இருந்து நல்ல நேரத்துக்கு வெளிக்கிட்டிட்டம். பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சாச்சு. இஞ்சை நிக்கிறது வழியிலை நிக்கிறதுதானே?"

பெரியப்பா யோசித்தார். ஊரில் எல்லோரும் யோசித்தார்கள் என்றே சொல்ல வேண்டும், பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் உட்பட. கடைசியில் தீர்ப்பு வந்தது.

"சரி. ஆனா ட்ரைவர் எஞ்சினை நிப்பாட்டக் கூடாது. இனி ஒருத்தரும் இறங்கக் கூடாது. இறங்கினா பயணம் முறிஞ்சு போம். சுதன், நீயும் ஏறி இரு!"

வான் வாசலில் டுர்ரென்று உறுமிக்கொண்டே நின்றது. ட்ரைவர் டீசல் முள்ளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அண்ணை தேத்தண்ணியைத் தட்டில் வைத்து வான் கண்ணாடியால் உள்ளே நீட்டினார். பெரியப்பா சீனி காணாது என்றார், இன்னும் ஒரு கரண்டி சீனியும் கண்ணாடியால் போனது.

இரண்டு டிஸ்க்கையும் எடுத்து நேரே கடைசியைத்தான் ஓடவிட்டேன். இரண்டிலும் சுதன் கதைத்து முடித்தார், நிரோஜா கை கூப்பினாள், படம் இருண்டது. பத்தே முக்காலுக்கு அவற்றைக் கண்ணாடியால் கொடுத்தேன். சுதன் ஒன்றைக் கைப்பையிலும் மற்றதைச் சட்டைக்குள்ளும் வைத்துக்கொண்டார். நிரோஜா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு கிழமை கழித்து ஸ்டூடியோவுக்குப் பிரான்சில் இருந்து அழைப்பு வந்தது. சுதனின் தாய். நான் ஸ்பீக்கரில் போட்டேன், அண்ணையும் கேட்கட்டும் என்று.

"வீடியோ முழுக்க நிக்காமல் ஓடுதோ அம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது பிள்ளை. முழுக்க நான் இன்னும் பாக்கேல்லை. அந்தக் கடைசித் துண்டைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறன்."

அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனார்.

அன்றிலிருந்து நான் பெட்டியில் இருப்பதைப் பார்த்து நேரம் சொல்வதில்லை. ஒரு டிஸ்க்கை எழுதிப் பார்த்த பிறகுதான் சொல்வேன். அண்ணை அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். எந்த டிஸ்க் வெளியே வந்தாலும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல்லை கடைசியைப் போடு தங்கச்சி" என்கிறார்.