பெர்னதெத் அக்காவும் கப்பல்காரரின் நாய்க்குட்டியும்

செவ்வாய்க்கிழமை காலை துறைமுகத்திலிருந்து நம் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எந்தக் கப்பல் எந்த இடத்தில் கட்டியிருக்கிறது என்று சொல்ல, தினமும் செய்கிற போன்தான். எதிர்முனையில் பழக்கமில்லாத ஒரு பெண் குரல். பெர்னதெத் அக்கா லீவா என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா சார்? அவங்க காலைல எறந்துட்டாங்க" என்றாள்.

வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் அலுவலக மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கிப் போனவர். வாசலில் நின்று திரும்பி, குடையை மேலேயே விட்டுவிட்டு வந்ததற்கு என்னைத் திட்டியவர். அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தம்பி அந்தோணி வாசலில் உட்கார்ந்திருந்தார். சர்ச்சில் காலைப் பூசைக்குக் கிளம்ப, அக்கா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாராம். சீப்பு விழுந்த சத்தம் கேட்டு அந்தோணி எட்டிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். டாக்டர் வந்து மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். "ராத்திரிகூட நல்லா துன்னாங்க காதரு, நல்லா துன்னாங்க" என்று அந்தோணி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். போனில் பேசினால் அப்படி ஒரு இங்கிலீஷ். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டால் அசல் ராயபுரம் பேச்சு. யாருடைய லைனையும் தவறாக இணைத்துவிட்டார் என்று ஒருநாளும் புகார் வந்ததில்லை. நான் சொல்ல வந்தது அந்த நாய்க்குட்டியைப் பற்றி. உங்களில் சிலர் அதை அவர் காலடியில் பார்த்திருப்பீர்கள். அது எப்படிப் போனது என்பது என்னைத் தவிரப் பலருக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். கிரேக்கக் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்த கோஸ்டா என்பவர் ஏணியில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரை வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கப்பல் காத்திருக்கவில்லை. அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் எடுத்து வளர்த்த நாய்க்குட்டியை மட்டும் ஒரு சாக்கில் சுற்றி நம் அலுவலகத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. மேனேஜர் தெருவில் விட்டுவிடச் சொன்னார். அக்கா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த போனை எடுத்தார்.

அதற்குப் பெயர் வைக்கலாம் என்று நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். அவர் விடவில்லை. "பேரெல்லாம் வேணாம் காதர். இது நம்ம சரக்கு இல்ல. வேற ஒருத்தரோடது, நம்ம கையில கொஞ்ச நாளு நிக்குது" என்றார். சொன்னாரே தவிர, நடந்தது வேறு. ராத்திரி வீட்டில் குட்டியைத் தனியே விட்டால் முனகியது. அவர் கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தார். வீட்டில் மீன் குழம்பில் அவருக்கு வைத்த துண்டில் முள் எடுத்த சதை முழுவதும் அதற்குத்தான். கடைசியில் குட்டி அவர் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டுதான் தூங்கும். நாற்காலியை விட்டு எழுந்தால் பின்னாலேயே ஓடும். அதுவரை அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்த மழைக்காலம் முழுக்க அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோஸ்டாவுக்குக் கட்டுப் பிரித்ததும் அடுத்து வரும் கப்பலில் அனுப்ப ஏற்பாடானது. முதல் முறை குட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அக்கா போனபோது நானும் கூடப் போனேன். உள்ளே நாயை விடமாட்டார்கள். வேப்பமரத்தடிக்குக் கட்டையூன்றி வந்த அந்த மனிதர் குட்டியைக் கண்டதும் கையை நீட்டினார். குட்டி அவரை மறந்துவிட்டிருந்தது. அக்காவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஐம்பது வயது ஆள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பிறகு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று உடைந்த இங்கிலீஷில் சொன்னார்.

வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். குட்டி அந்தோணிக்கும் செல்லமாகிவிட்டிருந்தது. அவரே குடுத்துட்டாரு, அப்புறம் இன்னா என்று அவர் சண்டை போட்டார். அக்கா அவரிடம் சொன்னதை நான் கேட்டேன்: "அவுரு குடுக்கல அந்தோணி. தோத்துட்டாரு. தோத்தவருகிட்ட வாங்கக் கூடாது."

அதன் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தினமும் வேலை முடிந்து குட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தன் கையால் சோறு வைப்பதை நிறுத்திவிட்டார். கோஸ்டா வைத்தால்தான் சோறு. குட்டி முதலில் சாப்பிடாமல் அக்காவிடமே ஓடி வந்தது. அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பசி பொறுக்காமல் ஒருநாள் அந்த மனிதர் கையிலிருந்து தின்றது. பிறகு மடியில் ஏறியது. பிறகு, ஆஸ்பத்திரி கேட்டைக் கண்டதுமே அக்காவின் கையிலிருந்து துள்ளிக் குதித்து வேப்பமரத்தை நோக்கி ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து வீட்டில் மறுபடி கட்டிலில் படுக்கத் தொடங்கினார். கீழே குட்டி அழும்போது கையைத் தொங்கவிடாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று ஒருமுறை சொன்னார்.

கப்பல் புறப்பட்ட நாளில் அவர் துறைமுகத்துக்கு வரவில்லை. குட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். அது படுத்த துணியையும் மடித்துக் கொடுத்தார். சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்த துணி. தன் வாசனை இருந்தால் தேடும் என்றார்.

மத்தியானம் திரும்பி வந்தேன். அவர் போர்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"திரும்பிப் பாத்துச்சா?"

"இல்லக்கா. அவர் தோள்மேல ஏறி உக்காந்துகினு போச்சு."

"நல்லது. அப்ப சரியாத்தான் பண்ணிக்கீறேன்" என்றார்.

அன்று பிற்பகல் முழுவதும் லைன்கள் மாறி மாறி விழுந்தன. மேனேஜரைக் கேட்டவருக்குக் கிடங்கு கிடைத்தது. கிடங்கைக் கேட்டவருக்கு நான் கிடைத்தேன். ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை காசிமேட்டுக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தோம். நான் ஒரு பிடி மண் போட்டேன். போட்ட பிறகும் நம்பிக்கை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. ஒரு நாய்க்குட்டி தன்னை இழந்து ஏங்கிவிடக் கூடாது என்று வாரக்கணக்கில் பாடுபட்டு, அதைத் தன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அனுப்பியவர். நமக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. சீப்பு கையில் இருக்கும்போதே போய்விட்டார்.

அவர் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. குட்டி திரும்பிப் பார்க்கவில்லை என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைக்காமல், அடுத்த அழைப்புக்குக் கையை நீட்டினாரே, அந்த முகம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.