இரைச்சல் இல்லாத பிக்கப்

உச்சிப்புளி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கவிப்ரியா செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். உப்புக் காற்றில் அரித்துப்போன சார்ஜிங் முனைகளை மாற்றுவதிலேயே அவளுக்குப் பாதி நாள் போய்விடும். கல்யாண மாதங்களில் சாயங்காலமானால் ஷட்டரை இழுத்துவிட்டு, கிடாரோடு சதக்கின் இன்னிசைக் குழு வேனில் ஏறிவிடுவாள். சதக் ராமநாதபுரத்துக்காரர். குழுவின் தலைவர் அவர்தான், கீபோர்டு வாசிப்பதும் அவர்தான். ஒன்பது வருடமாக அந்தக் குழுவின் கிடார் கவிப்ரியா.

போன வைகாசியில் ஒரு வரவேற்பு. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. மேடையைச் சுற்றிச் சீரியல் விளக்குகள் வேறு. கிடாரின் வால்யூமைத் திருகியதுமே ஆயிரம் ஈ மொய்க்கிற மாதிரி இரைச்சல் கிளம்பியது. முன் வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கவி, அதை அடைச்சு வைம்மா. கிடார் பிட்டை நான் கீபோர்டுலயே போட்டுக்கிறேன்" என்றார் சதக்.

மீதி பதினோரு பாட்டுக்கும் அவள் சத்தமில்லாத கிடாரை மாட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள். அவள் வாசிக்க வேண்டியதையெல்லாம் கீபோர்டு வாசித்தது. கூட்டமும் கை தட்டியது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கடையிலேயே கிடாரைப் பிரித்தாள். எர்த் வயரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. உள்ளே செம்புத் தாள் ஒட்டினாள், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கம்பிக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பே ஒற்றைச் சுருள் வகை. பாட்டோடு பக்கத்திலிருக்கும் மின்சார இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும், அதன் பிறவிக் குணம் அது. இரட்டைச் சுருள் பிக்கப் போட்டால் இரைச்சல் அடங்கும். ஆனால் எதைப் போடுவது?

மூன்று வாரம் வீடியோ பார்த்தாள். ஒருவன் ஒன்றைத் தேன் என்றான், இன்னொருவன் அதையே சேறு என்றான். எல்லோரும் குளிரூட்டிய அறையில், விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரில் வாசித்துக் காட்டினார்கள். பாம்பன் கடற்காற்றில், குழுவின் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் அது எப்படிக் கேட்கும் என்று ஒருவனும் சொல்லவில்லை.

மதுரையில் ஒரு கடைக்குப் போன் போட்டாள். "யாரும்மா வாசிக்கிறது, தம்பியா?" என்றது அங்கிருந்த குரல்.

"நான்தான் வாசிக்கிறேன்."

"வீட்டுக்காரர் இருந்தா குடுங்க. இதெல்லாம் டெக்னிக்கலு, அவருக்கு வெளங்கும்."

"எங்க வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில வேலை பாக்குறாரு. அவர்ட்ட ஐஸ் பத்திக் கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

பிறகு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கேட்டாள். எல்லா கிடாருக்கும் சேரும் என்று அடித்துச் சொன்னான். வந்ததோ செங்கல் மாதிரி அகலமான பிக்கப். அவள் கிடாரின் துளையில் பாதிகூட இறங்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று பதில் வந்தது.

கணவன் பிரபு எட்டிப் பார்த்தான். "அந்த ஓட்டையக் கொஞ்சம் அறுத்து விட்டா என்ன?"

"ஏங்க, தொட்டீங்கன்னா பாத்துக்கங்க!"

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அது தெரிந்தும் அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை.

இரண்டாவதாக, ஒற்றைச் சுருளின் அளவிலேயே இரண்டு சுருளை அடக்கிய ஒடுங்கிய பிக்கப் ஒன்றைக் கண்டுபிடித்தாள். இந்த முறை ஸ்கேல் வைத்து அளந்து, அனுப்புகிறவனிடம் படம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே ஆர்டர் போட்டாள். வந்தது. துளையில் கச்சிதமாக இறங்கியது. ஆனால் நாலு நிறத்தில் வயர், எது எங்கே என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உத்தேசமாகப் பற்றவைத்தாள். கிடாரில் மாற்றாமல் விட்டிருந்த நடுப் பிக்கப்போடு சேர்த்து வாசித்தால் மூக்கடைத்த மாதிரி கேட்டது. இரண்டு வயரை இடம் மாற்றியதும் அந்தக் குறை தீர்ந்தது.

அடுத்த கச்சேரி ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் ஒரு கோயில் விழா. அங்கேயும் ஜெனரேட்டர்தான். வால்யூமைத் திருகினாள். ஒரு ஈகூட இல்லை. சதக் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரியிலேயே விரல்கள் கூசின. பழைய பிக்கப்பில் மெல்லிய கம்பியைத் தட்டினால் கண்ணாடி வளையல் மாதிரி ஒரு சிலிர்ப்பு கேட்கும். அது இல்லை. சத்தம் கொழுத்து, சுத்தமாக, யாருடையதோ மாதிரி வந்தது.

இறங்கியதும் சதக்கிடம் போனாள். "அண்ணே, சத்தம் மாறிருச்சுல்ல?"

"இரைச்சல் போயிருச்சு, மாஷா அல்லாஹ்!"

"இரைச்சலைச் சொல்லலண்ணே. கிடார் சத்தம்."

சதக் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா. நல்லாத்தான் இருக்கு. அடுத்த புரோக்ராம்ல ரெண்டு பாட்டுக்கு உன் கிடார்தான் ஓப்பனிங், சரியா?"

ஒன்பது வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. சரி என்று தலையாட்டினாள்.

வீட்டில் பிரபு விவரம் கேட்டான். அவள் சொல்லி முடித்ததும், "அப்பப் பழசையே திரும்ப மாட்டப் போறியா?" என்றான்.

"மாட்டல. மாட்டுனா மறுபடியும் வாயடைச்சு நிக்கணும்."

"அப்ப இதான் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கவே இல்ல" என்றாள் கவிப்ரியா. "ஆனா இதுல வாசிக்கவாச்சும் முடியுது. வாசிச்சாத்தான எதையாச்சும் வரவழைக்க முடியும்."

மறுநாள் காலை, வாடிக்கையாளர் வரும் முன்பே கடையைத் திறந்து அந்த இரண்டு பாட்டின் ஆரம்பத்தையும் பழகத் தொடங்கினாள். மெல்லிய கம்பியை எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தித் தட்டினால் அந்த வளையல் சிலிர்ப்பு வரும் என்று தேடித் தேடித் தட்டினாள். ஒன்றும் திருப்தியாக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.