மாமாவையும் கொஞ்சினார்கள்

தொண்ணூறுகளில் நாங்கள் இத்தாலியில், பலேர்மோ நகரில் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் குடியிருந்தோம். எனக்குப் பதினைந்து வயது. அப்பா கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டினார். அம்மா ஒரு சிஞ்ஞோராவின், அந்த ஊர்ப் பணக்கார அம்மாவின், வீட்டைத் துப்புரவாக்கினார்.

அந்த ஊரில் தெரிந்தவர்களைக் கண்டால் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துக் கொஞ்சுவார்கள். ஆண், பெண், கிழவர், குழந்தை, எல்லாரும்தான். என் வகுப்புப் பையன் ஒருவன் பஸ் தரிப்பில் என்னை அப்படிக் கொஞ்சியதை, அப்பாவோடு வேலை செய்த மாமா ஒருவர் பார்த்துவிட்டார். அவருக்கு வேறு வேலை இல்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உன்ரை பெட்டையை ஒருத்தன் நடுரோட்டிலை வைச்சுக் கொஞ்சிறான். நீ மீனை வெட்டிக்கொண்டிரு."

"அது இஞ்சத்தைப் பழக்கம், அப்பா" என்றேன்.

"எங்கடை பழக்கம் இல்லை. நாளையிலையிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம். அம்மாவோடை வேலைக்குப் போ" என்றார் அப்பா.

அடுத்த நாள் அம்மாவோடு வேலைக்குப் போனேன். சிஞ்ஞோராவின் மகளுக்கும் என் வயதுதான். அவள் பள்ளிக்கூடம் போனாள், நான் அவளுடைய குளியலறையைக் கழுவினேன். என் படிப்பு இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அப்பா மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

சாப்பாட்டுக் கடை பூட்டியிருந்த ஒரு திங்கள் பின்னேரம். மாமா வழக்கம்போல எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் அந்தப் பையன் நிற்கிறான், பின்னால் வகுப்புப் பிள்ளைகள். எனக்குக் காய்ச்சலோ என்று பார்க்க வந்திருந்தார்கள்.

பையன் நேரே போய் அப்பாவின் தோளைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். பிறகு அம்மாவை. பிறகு மாமாவை. தேத்தண்ணீர் மாமாவின் காற்சட்டையில் ஊற்றுண்டது. அவர் துடைத்து முடிக்குமுன் பெட்டைகளும் ஒவ்வொருவராக வந்து அவரைக் கொஞ்சினார்கள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உங்கடை மனிசிக்கு இதை ஆர் போய்ச் சொல்லுறது?" என்று அம்மா கேட்டார்.

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவர்கள் போனபின் அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அந்தப் பெடியனுக்கு என்னிலை மீன் மணந்திருக்காதோ?"

"அவன்ரை தேப்பனும் மீன்தான் விக்கிறார்."

அப்பா தன் கையை மணந்து பார்த்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போ. பஸ் தரிப்பிலை மினக்கெடாதை."

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. வேலைக்குப் போட்ட சட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புத்தகப் பையைத் தேடி எடுத்தேன்.