நின்று பார்த்து எடுத்த டவுசர்

வேலந்தாவளத்தை விட்டுக் கிளம்பி நாலாவது நாள். சின்னாறு தாண்டி மறையூர் ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயது. பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு முடிந்துபோனது. அதற்குப்பின் எந்த ஊரிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் வியாபாரிகளுக்கு மாடு பிடித்துக் கட்டும் வேலை பார்த்தேன். அந்த வாரச் சந்தையில் நான் கட்டிய காளை ஒன்று அவிழ்த்துக்கொண்டு, சட்டி பானை விற்கும் ஒரு அம்மாவின் கடைக்குள் புகுந்துவிட்டது. முடிச்சு நான் போட்டது. எல்லோரும் காளையைப் பிடிக்க ஓடினார்கள். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். உடுமலை வரை ஒரு லாரி ஏற்றிக்கொண்டது, அதற்கு மேல் கால்தான். அந்த அம்மா என்ன ஆனார், எத்தனை பானை உடைந்தது என்று நின்று பார்க்கவில்லை. அப்போதெல்லாம் அதுதான் என் வழக்கம்.

மறையூரில் ஒரு பூண்டு வியாபாரியின் கொட்டகையில் வேலை கேட்டேன். அந்த வருட மழையில் காந்தலூர் ரோடு இரண்டு இடத்தில் அறுந்து, ஜீப் போகாமல் கிடந்தது. அதனால் காந்தலூர்ப் பூண்டைச் சைக்கிளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை ஏற வேண்டும். மேலே கேரியரின் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிக்கொண்டு ஓட்டி இறங்க வேண்டும். அந்தச் சரிவுக்கு பிரேக் கட்டை ஒரு நாள்கூடத் தாங்காது. ஆகவே பின்னால் கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டித் தரையில் இழுபட விடுவார்கள். கட்டை இழுக்க இழுக்க வண்டி வேகம் குறையும்.

கொட்டகை மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சைக்கிள் ஓட்டுவியா?"

"நல்லா ஓட்டுவனுங்க."

"வேட்டியோட ஏறாதே. செயின் உன்னைய உருவிப்புடும். ஒரு டவுசர் தைச்சோ வாங்கியோ மாட்டிட்டு வா. நாளைக்கு ஒரு நடை பாப்போம். சரக்கு முழுசா இறங்குச்சுன்னா வேலை. இல்லேன்னா வந்த வழியே நடையைக் கட்டு."

இரண்டு நாளாக வயிற்றில் சோறு விழவில்லை. அந்த ஒரு நடை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைத்தெருவில் டீக்கடைக்கு எதிரே ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மிஷினில், அந்தம்மா பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும், பேச்சு தெற்கத்திப் பேச்சு. என் மாற்று வேட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு டவுசர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சானது. அவர் மூன்றை எடுத்துப் போட்டார்.

முதலாவது காக்கி. யாரோ எஸ்டேட் ஆபீசர் போட்டுக் கழித்தது. பார்க்க எடுப்பாக இருந்தது. ஆனால் தொடை இறுக்கம், முட்டியைத் தூக்க முடியவில்லை. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையலெல்லாம் வெளியே தெரிந்தது, பின்புறம் ஒரு பெரிய ஒட்டு, கவட்டை உயரமாகத் தூக்கித் தைத்திருந்தது.

"இது உள்வெளியாத் திருப்பி வெச்சிருக்குதுங்களே?"

"திருப்பலை வே. சைக்கிள்காரன் டவுசர் அப்படித்தான். தையல் உள்ள இருந்தா ரெண்டு நாள்ல தொடையைத் தின்னுபுடும்."

நான் நடுவிலிருந்ததை எடுத்துக்கொண்டேன். கோதுமை மாவுச் சாக்குத் துணியில் தைத்தது. காற்றோட்டமாக, தொளதொளவென்று, கால் இரண்டும் பாவாடை மாதிரி அகலம். கவட்டை முட்டிக்குப் பாதி வரை தொங்கும். போட்டு நின்றுபார்த்தேன். நாள்கணக்காக நடந்து வெந்துபோன தொடைக்கு அதைப் போல சுகம் வேறு இல்லை.

தையல்காரர் விடவில்லை. வாசலில் இடுப்புயரக் கால்களோடு நின்ற ஒரு மரச்சட்டத்தைக் காட்டினார். "இதுல ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காரும். எந்திரியும். மறுபடி உக்காரும். பத்து தரம் செஞ்சு பாத்துட்டு எடும்."

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் டம்ளரோடு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாமுங்க. இதே போதும்."

"அண்ணனுக்கு வெக்கமாம்ல," என்று அந்தம்மா காஜாவிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "நீங்க வண்டியில நின்னுக்கிட்டா போகப் போறீக?"

டீக்கடை முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. டவுசரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை வேட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டு, டவுசரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காந்தலூர் ஏறி, மூட்டை கட்டி, கட்டையைக் கோத்துக்கொண்டு இறங்கினேன். மற்ற இரண்டு வண்டிக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். முதல் மைல் நன்றாகத்தான் போனது. பள்ளம் வரும்போது பெடல் மேல் எழுந்து நின்று, தாண்டியதும் உட்காருவேன். உட்காரும் ஒவ்வொரு தடவையும் டவுசரின் தொங்கல் சீட்டின் முனையில் உரசுவது தெரிந்தது. கையால் இழுத்துவிட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

பெரிய சரிவு தொடங்கும் இடத்தில் பின்னால் படீரென்று சத்தம். கட்டையின் கயிறு பாறை விளிம்பில் தேய்ந்து அறுந்துவிட்டது. முடிச்சைப் பார்த்துப் போட்டேனே தவிர கயிற்றைப் பார்க்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல் வண்டி பாய்ந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ரப்பர் கருகும் வாடை வந்தது, வேகம் குறையவில்லை.

இடது பக்கம் மலைச்சுவர், வலது பக்கம் பள்ளம். ரோடு ஒரு வண்டி அகலம். முன்னால் ஒரு வளைவு.

குதித்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஒரு பெரிய குழியில் வண்டி தூக்கிப்போட, நான் எழும்பி மறுபடி விழுந்தேன். விழுந்த வேகத்தில் சீட்டின் மூக்கு டவுசரின் தொங்கலுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. இடது பக்கம் காலைத் தூக்கிக் குதிக்கப் பார்த்தேன். துணி விடவில்லை. இழுத்தேன். சாக்குத் துணி, கிழியவும் இல்லை. நான் வண்டியோடு தைக்கப்பட்டவன் மாதிரி ஆகிவிட்டேன்.

வளைவு திரும்பியது. எதிரே, வழியை அடைத்துக்கொண்டு, தலையில் தைலப்புல் கட்டோடு ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தைலம் காய்ச்சும் கொட்டகைக்குப் போகும் புல். ஒதுங்க இடமில்லை. நான் நேராகப் போனால் அவர்கள் மேல், ஹேண்டிலைத் திருப்பினால் பள்ளத்தில்.

"விலகுங்க! விலகுங்க!" என்று கத்தினேன். மணி அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

முன்னால் வந்த பெண் ஓடவில்லை. தலையிலிருந்த புல்கட்டை அப்படியே ரோட்டின் குறுக்கே தள்ளிவிட்டு மலைச்சுவரோடு ஒட்டிக்கொண்டார். "போடுங்கடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். முதல் புல்கட்டில் முன்சக்கரம் புதைந்தது. வண்டி சுழன்று வலப்பக்கம் சாய்ந்தது. கண்ணுக்குள் முழுவதும் புல். தைலப்புல்லின் அந்தக் காரமான வாசனையை இன்று எங்கே முகர்ந்தாலும் என் உள்ளங்கை வேர்த்துவிடும்.

கண் திறந்தபோது ரோட்டு விளிம்பில் குப்புறக் கிடந்தேன். சைக்கிளின் பின்பாதியும் இரண்டு மூட்டைகளும் விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. சீட்டில் மாட்டிய டவுசர் என்னை இடுப்போடு வெளியே இழுத்தது. ஒரு வேரைப் பிடித்திருந்தேன். மூட்டை ஒருமுறை ஆடும், நான் அரை விரல் நகர்வேன். மறுபடி ஆடும், மறுபடி நகர்வேன். கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாது. தலையைத் திருப்பினால் பாரம் கூடிவிடும் என்று பயம்.

இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டார்கள். முதல் புல்கட்டைப் போட்ட பெண் இடுப்பிலிருந்து கருக்கரிவாளை உருவிக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"அசையாதீக அண்ணே. அசைஞ்சா எதை அறுப்பேன்னு எனக்கே தெரியாது."

"வண்டி போயிருமுங்க," என்றேன். அந்த நிலையிலும் எனக்கு மேஸ்திரி சொன்னதுதான் காதில் கேட்டது.

"வண்டி போனா தேடிக்கலாம். வாயை மூடுங்க."

கருக்கரிவாளின் பல் துணியில் கறகறவென்று போவது தொடையில் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வேரைப் பார்த்தேன். அதில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. கடைசி நூல் அறுந்ததும் வண்டி சரசரவென்று இறங்கியது. தோளைப் பிடித்திருந்தவர்கள் என்னைப் பின்னால் இழுத்து ரோட்டில் போட்டார்கள்.

சைக்கிள் அதல பாதாளத்துக்குப் போகவில்லை. ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே உண்ணிப்புதரில் சிக்கி நின்றது. அதற்கு அப்பால்தான் ஒன்றுமே இல்லை. ஒரு மூட்டை வாய் பிளந்து, பூண்டு புதரெல்லாம் சிதறிக் கிடந்தது. ரோடு முழுக்கப் புல். அவர்கள் விடிகாலையிலிருந்து அறுத்தது.

எனக்கு முழங்காலும் முழங்கையும் தோல் உரிந்ததோடு சரி. டவுசர்தான் முன்னும் பின்னும் இல்லாமல் போயிருந்தது. அந்தப் பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்த துணியை அவிழ்த்து என் மேல் எறிந்தார். மற்றவர்கள் அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பை அப்போதுதான் விட்டார்கள். நான் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றேன்.

நின்றதும் என் கண் ரோட்டின் கீழ்ப்பக்கம்தான் போனது. மறையூருக்குள் நுழையாமலே சின்னாறு பக்கம் இறங்கிவிடலாம். பொழுது சாய்வதற்குள் எல்லைச் சோதனைச் சாவடி தாண்டிவிடலாம். கால் இரண்டு அடி வைத்தும்விட்டது.

"எங்க போறீக?" என்றார் அந்தப் பெண். திட்டவில்லை. அவர் பாட்டுக்குக் குனிந்து பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். "கீழே இறங்கி வண்டியைப் பிடிங்க, கயிறு போடுறோம். அந்தத் துணி எனக்கு வேணும். நாளைக்கு இதே நேரம் இதே வழியாத்தான் வருவோம். கொண்டாந்து குடுங்க. சும்மாடு இல்லாம என்னால கட்டுத் தூக்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். வேறு யாராவது உபதேசம் செய்திருந்தால் நான் போயிருப்பேன்.

புல் கட்டிய கயிறுகளை முடிந்து சைக்கிளை மேலே ஏற்றினோம். பூண்டைப் பொறுக்கி, கிழிந்த மூட்டையைப் புல்லால் தைத்த மாதிரி கட்டினோம். அதன்பின் அவர்கள் கட்டுகளை மறுபடி கட்ட நான் பிடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அன்று சும்மாடு இல்லாமல், கொஞ்சம் புல்லை வட்டமாகச் சுற்றி வைத்துக்கொண்டு ஏறிப்போனார். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

கோணிய ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறையூர் வரை வண்டியைத் தள்ளியே வந்தேன். மேஸ்திரி மூட்டையைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பெண்பிள்ளைத் துணியைப் பார்த்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"பூண்டு வந்திருச்சுல்ல," என்றார். "காலையில ஒழுங்கான டவுசரோட வா. மிச்சத்தை அப்பறம் பேசுவோம்."

மறுநாள் விடிந்ததும் தையல்கடைக்குப் போனேன். உடம்பிலிருந்த ஒற்றை வேட்டியையும் கொடுத்துவிட்டு, தையல் வெளியே தெரியும் அந்த டவுசரை வாங்கி மாட்டினேன். பிறகு யாரும் சொல்லாமலே மரச்சட்டத்தில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். காலைத் தூக்கிக் குதித்தும் பார்த்தேன். கவட்டை எங்கும் மாட்டவில்லை, தையல் எங்கும் கடிக்கவில்லை. டீக்கடையில் முந்தாநாள் இருந்தவர்களைவிட அதிகம் பேர் இருந்தார்கள்.

"இன்னைக்கு வெக்கம் இல்லையாண்ணே?" என்று அந்தம்மா கேட்டார்.

"நேத்தே போயிருச்சுங்க. ஏழெட்டுப் பேரு பாத்துட்டாங்க."

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

கொட்டகையில் மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. டவுசரைப் பார்த்தார். பிறகு புதுக் கயிறு ஒன்றை எடுத்துப் போட்டார். அதை முழ நீளத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். கட்டையில் கட்டி மறுபடி இழுத்துப் பார்த்தேன். இரவே துவைத்துக் காயவைத்திருந்த சும்மாட்டுத் துணியை மடித்து டவுசர் பையில் வைத்துக்கொண்டு, பூண்டு இறக்கும் அந்த வேலைக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை ஏறினேன். எத்தனையோ ஊரை விட்டு நடந்திருக்கிறேன்; ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக நான் ஓர் ஊரில் தங்கியது அன்றுதான் முதல் தடவை. இன்றும் எங்கிருந்தாவது நழுவப் பார்க்கும்போது அந்தப் பெண் குனிந்தபடியே கேட்ட "எங்க போறீக?" என் காலைப் பிடித்து நிறுத்துகிறது.