முப்பதாயிரமும் ஒரு கொட்டாவியும்

என் அத்தை கார் வாங்கப்போவதாகச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சரியாகச் சொன்னால் அப்பா மட்டும்தான் சாப்பிடவில்லை. அத்தையும் நானும் அம்மா வைத்த மீன் குழம்பை ஒரு கை பார்த்தோம்.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்துமூன்று வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, கல்யாணம் ஆகவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்துக்கு நகை வாங்கிப் போட்டுக்கொண்டால் நல்ல வரன் வரும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அத்தையோ உப்பளத்துச் சொல்தா வீட்டுக் கார் ஏலத்துக்கு வருகிறது என்று வந்து நின்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்போம். அந்தச் சொல்தா இறந்துபோக, அவர் பிள்ளை பாரீசிலிருந்து வந்து வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்.

பாதாம்பால் நிறத்தில், முதுகு வளைந்த பழைய பிரெஞ்சுக் கார் அது. அப்பா பிறப்பதற்கு முன்பே கப்பலில் வந்து இறங்கியதாம். அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது சொல்தாவின் மனைவி அதைக் கடற்கரைச் சாலையில் தானே ஓட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் ஓரமாக வாயைப் பிளந்து நின்ற அத்தையை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டிருக்கிறார். அத்தை காரைவிட்டு இறங்கினாளே தவிர, கார் அவள் மனதைவிட்டு இறங்கவில்லை. வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டு போனால் தன்னால் தாங்க முடியாது என்று அவள் சொன்னபோது குரல் உடைந்தது. அப்பா அதற்குமேல் மறுக்கவில்லை.

ஏலத்துக்கு முதல் நாள் காரைப் பார்க்க மூன்று பேரும் போனோம். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தொடர்ந்து மெல்ல ஒரு மனிதரும் வெளியே வந்தார். உழவர்கரையில் கார் ஒர்க் ஷாப் வைத்திருப்பதாகச் சொன்னார். அப்பாவுக்குத் தெய்வமே நேரில் வந்த மாதிரி ஆகிவிட்டது. இந்தக் காருக்கு என்ன கொடுக்கலாம் என்று அவரிடமே கேட்டார்.

"பழைய வண்டிய அடியில படுத்துப் பாத்துதான் வெல போடணும் சார். மேல பளபளன்னு இருக்கறதுக்கு ஒரு ரூவா குடுக்காதீங்க. எவ்ளோ வரைக்கும் போலாம்னு வூட்லயே முடிவு பண்ணிட்டு வந்துடணும். ஏலத்துல எதுத்துக் கேக்கறவங்க மூஞ்சிய மட்டும் பாக்கக் கூடாது. பாத்தா வெல தப்பிடும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் சொன்ன எதையும் நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அத்தை அதைவிடக் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சட்டென்று காருக்கு அடியில் போய்விட்டாள். தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். மெக்கானிக் டார்ச் விளக்கோடு மறுபக்கம் படுத்து, துரு எங்கே, ஓட்டை எங்கே என்று காட்டினார். ஒரு காருக்கு அடியில் பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். எழுந்து வந்தபோது இரண்டு பேர் மூக்கிலும் கிரீஸ் இருந்தது.

டயருக்கு இவ்வளவு, இன்ஜினுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து அப்பா முப்பதாயிரத்தில் நின்றார். அதற்குமேல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. அத்தையும் சம்மதித்தாள். ஆனால் அப்பாவுக்கு அவளைப் பற்றித் தெரியும். அதனால் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார். அத்தை முப்பது என்று சொன்னதும் நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. இவ்வளவு பெரிய வேலையை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை.

மறுநாள் ஏலக் கூடத்தில் மெக்கானிக்கும் விலை கேட்க வந்து நின்றதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாரீஸ்காரர் தன் அப்பா சொல்லிவைத்திருந்த பழைய பிரெஞ்சு முறையில்தான் விற்பேன் என்றார். ஒருவர் விலை கேட்டதும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவார். அது அணைவதற்குள் யாரும் கூட்டிக் கேட்காவிட்டால் இன்னொன்று. அதுவும் அணைந்தால் பொருள் கடைசியாகக் கேட்டவருடையது. அந்த அவசரத்தில் அவருக்குக் கிடைத்தவை பேக்கரியில் விற்கும் பிறந்தநாள் மெழுகுவர்த்திகள்தான். அவற்றைக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தார். சுடர் ஆடாமல் இருக்க மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். மே மாத வெயிலில் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டு, கேக்கே இல்லாமல் எரிந்த ரோஸ் மெழுகுவர்த்தியைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய இரும்புக் கடைக்காரர் பன்னிரண்டாயிரத்தோடு நிறுத்திக்கொண்டார். ஓட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்க நினைத்த ஒருவர் இருபத்தைந்தோடு நிறுத்தினார். மிச்சம் அத்தையும் மெக்கானிக்கும்தான். அவர் சொன்னபடியே அத்தை பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இருபத்தொன்பது என்றார். அத்தை முப்பது என்றாள்.

நான் முந்தானையை இழுத்தேன். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன். அத்தை திரும்பவில்லை. அவள் கண் மேஜைமேல் என் மூக்குக்கு நேராக எரிந்த மெழுகுவர்த்தியிலேயே இருந்தது. முதல் மெழுகுவர்த்தி அணைந்தது. இரண்டாவதும் எரிந்து அடிக்கு வந்துவிட்டது. அப்போது மெக்கானிக் வாயைத் திறந்தார்.

நான் ஊதிவிட்டேன்.

பிறந்தநாள் மெழுகுவர்த்தியைக் கண்டதும் பழக்க தோஷத்தில் ஊதிவிட்டேன் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அது பொய். அத்தைக்குக் கார் வேண்டும் என்றுதான் ஊதினேன்.

கூடத்தில் ஒரே சலசலப்பு. அப்பா என் காதைத் தேடிப் பிடித்தார். அணைந்தால் முடிந்தது என்பதுதான் முறை, யார் அணைக்க வேண்டும் என்று தன் அப்பா சொல்லவில்லையே என்று பாரீஸ்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் அத்தைதான் பேசினாள்.

"திரும்ப ஏத்துங்க. கொழந்த ஊதிட்டா. அப்பிடி எனக்கு வேணாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. முப்பதுக்கு மேல் அவளால் போக முடியாது, மறுபடி ஏற்றினால் கார் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாரீஸ்காரர் தீப்பெட்டியை எடுத்தவர் மெக்கானிக்கிடம் பிரெஞ்சு மரியாதையோடு, "மெஸ்யே, நீங்க கேக்கத்தானே வாயத் தொறந்தீங்க?" என்றார்.

மெக்கானிக் அன்று முதல்முறையாக அத்தையின் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"இல்லீங்க. கொட்டாவி வந்துச்சி" என்றார்.

கார் எங்களுடையதாகிவிட்டது. ஆனால் அது கிளம்பவில்லை. அத்தை ஸ்டியரிங் பிடிக்க, அப்பாவும் பாரீஸ்காரரும் பின்னாலிருந்து தள்ள, மெக்கானிக் பக்கவாட்டில் தள்ளினார். குருசுக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் குறுக்கு வழி இருந்தும் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போக வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். பிரெஞ்சுக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் நான். ஒன்பது வயதுப் பெண் கார் ஓட்டுகிறாள் என்று நினைத்துச் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் விசிலை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு நான் கை ஆட்டினேன். அத்தை சிரித்த சிரிப்பு கடல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவ்வளவு சந்தோஷமான ஒரு ஊர்வலத்தில் அதன்பிறகு நான் போனதே இல்லை.

எனக்கு ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டி மெக்கானிக்கிடம் சொல்லியேவிட்டேன்: "நீங்க மூஞ்சியப் பாத்துட்டீங்க. அதான் உங்களுக்குக் கார் போச்சு."

"ஆமா பாப்பா, பாத்துட்டேன்" என்றார். காரை இழந்த மனிதர் எதற்கு அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை காரணமே இல்லாமல் ஹாரனை அழுத்தினாள். கிளம்பாத அந்தக் காரில் அது மட்டும் வேலை செய்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் ரிப்பேர் பார்க்க வந்தார். அடுத்த தை மாதம் அதே கார் பூமாலையோடு கல்யாண மண்டப வாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து அவர் பட்டு வேட்டியில் மாப்பிள்ளையாக இறங்கினார். பாவம், ஏலத்தில் தவறவிட்ட காரை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று மனிதர் எவ்வளவு தூரம் போகிறார் என்றுதான் அப்போதும் நான் நினைத்துக்கொண்டேன்.