பதினொரு கொப்பியும் ஒரு காலும்

கிளினிக் கொப்பி தூக்குகிற தொழிலுக்குப் படிப்பு வேண்டாம், வெட்கம் இல்லாமல் இருந்தால் போதும். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் காலையில் உட்கார்ந்து, மத்தியானம் எழும்பும்போது இடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற என் இனத்தவர்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை நான் பார்த்த வேலை இது. சம்பளம், கொப்பி ஒன்றுக்குத் தின்ன ஒரு பணிஸ்.

ஆள் ஒரு பக்கம், கொப்பி ஒரு பக்கம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் மேட்டில், கண்டி டவுன் ஆஸ்பத்திரி பள்ளத்தில். பிரஷர், சீனி என்று வருத்தம் வந்து மாசத்துக்கு ஒருதரம் கிளினிக் போக வேண்டியவர்கள் லயத்தில் பதினொரு பேர். பார்க்கிறதும் சும்மா, மருந்தும் சும்மா, காசு கேட்க மாட்டார்கள். ஆனால் கிளினிக் நாள் என்பது வேலை நாள். கொழுந்து எடுக்கிறவளுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. டவுனில் மூட்டை தூக்குகிறவர் ஒரு நாள் நின்றால் மறுநாள் அவருடைய மூட்டை வேறொருவர் முதுகில் இருக்கும். அதனால் ஆள் வேலைக்குப் போகும், கொப்பி கிளினிக் போகும். ஆளுக்கு ஒன்றாக வருத்தமும் மருந்தும் எழுதி, பழைய கலண்டர் தாளில் உறை போட்ட பதினொரு நோட்டையும் பைக்குள் திணித்து என் தோளில் மாட்டிவிடுவார்கள்.

அதில் தடித்த கொப்பி பக்கத்துக் காம்பரா வீட்டு ஆறுமுகம் மாமாவுடையது. பத்து வருசச் சீனி. மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். சொத்து என்று அவருக்கு இருந்தது ரெண்டு கால்தான். தினமும் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார், உள்ளே மட்டும் திரும்ப மாட்டார். முதல் நாள் நான் கொப்பிகளை அடுக்கி வைத்ததும், நம்பர் துண்டு கொடுக்கிற சிங்கள நர்ஸ் மிஸி அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னைத் தங்கச்சி முறையில் நங்கி ஆக்கி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"கொப்பிக்கி வருத்தம் இல்ல நங்கி. மனுசன் கொண்டு வா."

மூன்று கேள்வி

மனுசன் இல்லாமலும் காரியம் நடந்தது. கொப்பிக்காக யாராவது பதில் சொன்னால், போன மாச மருந்தையே இந்த மாசத்துக்கும் எழுதுவார்கள். அங்கே இருந்த டொக்டர் நல்ல மனுசன். எங்களுக்காகவே தமிழில் மூன்று கேள்வி பாடமாக்கி வைத்திருந்தார். "சாப்பாடு சரிய? நித்திரை சரிய? கால் சரிய?" நான் "சரி, சரி, சரி" என்று முடித்திருக்கலாம். சும்மா இருக்கிற வாயா இது? காளியம்மா அக்கா கொப்பிக்கு மூக்கால் பேசினேன். கங்காணித் தாத்தா கொப்பிக்கு இருமி இருமிப் பேசினேன். ஆறுமுகம் மாமா கொப்பிக்கு, மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு விடுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து, "கால் கல்லு மாதிரி இருக்கு தொரே!"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்ததில் மிஸி கதவைச் சாத்தினார். மூன்று மருந்துக் குளிசையில் ஒன்று ஆஸ்பத்திரியில் இல்லையென்று, வெளியே பார்மசியில் காசுக்கு எடுக்கத் துண்டு எழுதினார்கள். அந்தத் துண்டுகள் எங்கள் லயத்தில் சாமிப் படத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். அங்கிருந்து எதுவும் திரும்பி வந்ததில்லை. கடைசிக் கொப்பியை நீட்டும்போது டொக்டர் தலையை நிமிர்த்தி, மிஸியிடம் தமிழ்ச் சொல் கேட்டுக் கேட்டுச் சொன்னார்:

"நங்கி, நீ ஒரு ஆள் இல்ல. நீ ஒரு பஸ்."

திகன ராத்தா

என் தொழிலில் எனக்குப் போட்டியாக இருந்தவர் திகன ஊரிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் ராத்தா. கொண்டு வருவது ஒரே கொப்பி, தன் புருசனுடையது. டொக்டர் அதே மூன்று கேள்வியைக் கேட்டால், "அப்பிடியேதான் ஈக்கிறார் டொக்டர், ஒரு மாத்தமும் இல்ல" என்பார். மருந்து கிடைத்துவிடும்.

வாங்கில் பக்கத்தில் இருந்தபோதுதான் விசயத்தைச் சொன்னார். மனுசன் மௌத்தாகி, கண்ணை மூடி ரெண்டு மாசம். அதே பிரஷர் குளிசையை அடுத்த வீட்டு மனுசி போடுகிறார். அந்த மனுசிக்குத் தையல் கடையில் வேலை, கிளினிக் வந்து புதுக் கொப்பி போட நாள் கிடைக்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை. கொப்பி உறையை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவர் உசுரோட ஈக்கிற நேரம் ஒரு மாசம் சரி இவ்வளவு ஒழுங்கா கிளினிக் வரல்ல புள்ள."

நடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலியடியில் எல்லாரும் தண்ணீர் பிடிக்க நின்றபோது, லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டினேன். ஆறுமுகம் மாமா நடைக்குத்தான் கூடச் சிரிப்பு. இடது பாதத்தை முழுதாக ஊன்றாமல், விரலை வெளியே திருப்பி, குதியை இழுத்து, நெருப்பின் மேல் வைக்கிற மாதிரி ஒரு நடை. அதை நான் நாலு நாள் பின்னாலேயே போய்ப் படித்திருந்தேன். பெருவிரலில் சுற்றியிருந்த சீலைத் துணி, செருப்பு கடித்த புண், மாமா கிட்டே வந்தால் வருகிற வாடை எல்லாம் எனக்குத் தெரியும். வாடைக்கு மாமா காரணமும் வைத்திருந்தார்: சந்தையில் அழுகின கோவா மூட்டை.

நாங்கள் எல்லாரும் நடையைப் பார்த்துச் சிரித்தோமே ஒழிய, அவர் ஏன் அப்படி நடக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும், கூட்டம் கலைந்த பிறகு, "மாமா, கால் நோகலியா?" என்றேன். "நோகவே இல்ல. நோகாத புண்ணு என்ன புண்ணு?" என்றார். காட்டினால் வார்ட்டில் போட்டுவிடுவார்கள், ரெண்டு கிழமை படுத்தால் சந்தையில் இடம் போய்விடும் என்பது அவர் பயம். பிறகு என் தலையில் ஒரு தட்டு.

"அச்சு அசல் நான்தான்டி! கிளினிக்லயும் இதே மாதிரி பேசிரு, கால் புண்ண பத்தி மட்டும் வாயத் தொறக்காத."

புது டொக்டர் அம்மா

அடுத்த மாசம் மூன்று கேள்வி டொக்டர் மாற்றலாகிப் போய், யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் வந்திருந்தார். தமிழ் டொக்டர்! இனி நமக்கு என்ன குறை என்று வாங்கு முழுக்கச் சந்தோசப்பட்டது. அவர் மற்றக் கொப்பிகளைச் சீக்கிரம் முடித்தார். மாமா கொப்பியில் மட்டும் நின்றார். பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டினார். "இந்த ஆள் எத்தினை மாசமா வரேல்லை? கால் விறைக்குதாமோ? புண் ஏதும் இருக்கோ? நீர் பார்த்தனீரோ?"

பார்த்திருந்தேன். "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எனக்கு மாமாவின் சந்தை இடமும் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், புது ஆளிடம் என் வித்தையைக் காட்டுகிற ஆசைதான் அதைவிடக் கூட. நெஞ்சை நிமிர்த்தி, மாமா குரலில், "புண்ணா? எனக்கா? நூறு கிலோ மூட்டைய இந்தக் கால்தானே டொக்டரம்மா தூக்குது!" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய மருந்தையே எழுதினார்.

"போதும் பிள்ளை, போதும். ஆளையே நேரில பார்த்த மாதிரிக் கிடக்கு."

வார்ட்

மாமா சந்தையில் மூட்டையோடு விழுந்தது அதற்கு அடுத்த கிழமை. காய்ச்சல் கொதித்ததாம். தினமும் தாண்டிப் போன அதே கேட்டுக்குள் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை: கட்டில், ஊசி, ஒப்பரேசன், சோறு எல்லாம் இலவசம். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

வார்ட்டில் கொப்பி கேட்டதால் பார்க்கிற நேரத்தில் கொண்டு போனேன். பஸ்ஸில் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காலில் புண் இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. கை டொக்டர் அம்மாவுடையது, வாய் என்னுடையது. கட்டிலடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. மாமாவிடம் சொல்ல வேண்டியதை என் சொந்தக் குரலில் சொல்லப் பார்த்தேன், அந்தக் குரல் வரவில்லை. அவர் திட்டவில்லை. கொப்பியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க மகளே, இப்ப என்னைய மாதிரி நடந்து காட்டு, பாப்போம்."

எங்கள் நாட்டில் வைத்தியம் எல்லாருக்கும் இலவசம். எங்கள் லயத்தில் அதை ஒரு மாசமும் தவறாமல் போய் வாங்கிக்கொண்டவை அந்தப் பதினொரு கொப்பிகள்தான்.