ஒரு பாட்டில் ரத்தமும் ஒரு முறைப்பெண்ணும்

சுருளிவேலைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. மகராசன் என்பது ஒரு கட்சி, இளிச்சவாயன் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் டீக்கடையில் அவன் காதுபடவே பேசும். அவன் டீயைக் குடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விடுவான். கோபம் வராது. ஒருநாளாவது வந்து தொலையாதா என்று அவன் ஆத்தா ராக்கம்மாள் ஏங்கியதுதான் மிச்சம்.

அவனுக்கு வாய்க்கால் லஸ்கர் வேலை. லோயர் கேம்ப்பில் இறங்குகிற பெரியாற்றுத் தண்ணீர் உத்தமபாளையத்துப் பக்கம் வயல்களுக்குப் பிரிகிற இடத்தில் மடைப் பலகையைத் தூக்கவேண்டும், இறக்கவேண்டும். சின்ன வேலைதான், ஆனால் சர்க்கார் வேலை. எழுபத்திரண்டில் அது கிடைத்த உடனேயே தாய்மாமன் சின்னச்சாமி, "எம் மக முத்துப்பேச்சி அவனுக்குத்தான்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் அவள் அவனுக்கு முறைப்பெண். தாய்மாமன் மகளை விட்டுவிட்டு வெளியே பெண் தேடுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

வழக்கத்துக்காக ஒத்துக்கொண்ட சம்பந்தம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பயலுக்கு அவள்மேல் பித்து. அவளுக்கும் அப்படித்தான். மடைக்கு மேலே நின்றுகொண்டு, "மச்சான், எங்க வயலுக்கு மட்டும் பலகையை ரெண்டு விரக்கடை கூடத் தூக்கி விட்டா என்ன? சர்க்கார் கொறைஞ்சா போகும்?" என்று கேட்பாள். அவன் முறைப்பான். அவள் போனதும் தூக்கிவிடுவான். கல்யாணத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொள்வதாகப் பேசிப் பரிசமும் போட்டாயிற்று. புடவை எடுக்கவேண்டியதுதான் பாக்கி.

அந்த வருஷம் ஐப்பசியில், ஏலக்காய் எடுக்கப் பெண்களை மலைக்கு ஏற்றிப்போன ஜீப் கம்பம்மெட்டு வளைவில் மழைச் சகதியில் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. முத்துப்பேச்சிக்குத் தொடை எலும்பு முறிந்து சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கம்பத்தில் கட்டுப் போட்டு, நேரே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மதுரை டாக்டர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "உடனே ரத்தம் ஏத்தணும். சொந்தக்காரங்க யாரெல்லாம் வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

முதலில் சின்னச்சாமி கையை நீட்டினார். காமாலை வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். மனுஷனுக்குப் பொய் வராது. "போன மாசந்தேன் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன்" என்றார். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவள் ஆத்தா அய்யம்மாள், "எம் பிள்ளைக்கு எம் ரத்தத்தை எடுங்கய்யா" என்று காலில் விழாத குறை. எடை மெஷினில் ஏற்றினால் முள் நாற்பதைத் தாண்டவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். சத்துள்ள ரத்தம் மூழ்கும், அவளுடையது மிதந்தது. "உங்களுக்கே ஏத்தணும்மா" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார்கள்.

மிச்சமிருந்தது அண்ணன் அழகுமலை. ஆள் நெல் மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுவான். அவனைப் பார்த்ததும் டாக்டர் முகம் தெளிந்தது, "இவர் போதும்" என்றார். அழகுமலையின் முகமோ வெளுத்துவிட்டது. ரத்தம் கொடுத்த ஆம்பளை அதற்கப்புறம் ஒன்றுக்கும் உதவமாட்டான் என்று எவனோ எப்போதோ சொல்லிவைத்திருந்தான் போல. "ஒரு பீடி குடிச்சிட்டு வந்திர்றேன்யா" என்று வெளியே போனான். போனவன் போனவன்தான். தேனி பஸ்ஸில் சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.

மடையில் நின்ற சுருளிவேலுக்குச் செய்தி போய், பஸ் மாறி அவன் வந்து சேர்ந்தபோது அய்யம்மாள் தரையில் கிடந்து அரற்றிக்கொண்டிருந்தாள். அவனையும் எடை போட்டார்கள். காமாலை, மலேரியாக் காய்ச்சல், குடி எல்லாம் கேட்டார்கள். எதுவும் இல்லை. நீலத் தண்ணீரில் அவன் சொட்டு கல்லைப் போல இறங்கியது. குரூப்பும் சேர்ந்தது.

ரத்தம் எடுக்க அவன் கையில் பட்டையைக் கட்டிய ஆள் கேட்டார்: "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"கட்டிக்கப்போறவன்."

"அடேயப்பா! அப்ப மாப்பிள்ளை முறுக்கோட கையை நல்லா மூடி மூடித் திறங்க."

கட்டிலுக்குக் கீழே கண்ணாடிப் பாட்டில் நிறைவதை அவன் எட்டி எட்டிப் பார்த்தான். தன்னிடமிருந்து போய் அவளுக்குள் ஓடப்போகிறது என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சிரிப்பாக வந்தது. பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று பின்னால் ஒரே ஒரு தடவை ஆத்தாவிடம் சொல்லியிருக்கிறான். காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். "இன்னொரு பாட்டிலும் எடுத்துக்கங்களேன்" என்றான். "மூணு மாசம் கழிச்சு வாங்க. ஒரே ஆளை உறிஞ்சினா உங்களையும் பக்கத்துக் கட்டில்ல படுக்கப் போடணும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பாட்டிலை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள்.

முத்துப்பேச்சி பிழைத்துவிட்டாள். காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். சின்னச்சாமி மருமகன் புகழைத் தெருத்தெருவாகப் பாடினார். "பெத்த மகன் ஓடிட்டான், எம் மருமகன் ரத்தந்தேன் எம் மக உடம்புல ஓடுது!" என்று டீக்கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், களத்துமேட்டில் சொன்னார். அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருக்கக் கூடாதா மனுஷன்!

அவர் மதினி சோணையம்மாள் நோயாளியைப் பார்க்கப் பழத்தோடு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தடவி, கண்ணைத் துடைத்து, எல்லாம் ஆன பிறகு கேட்டாள்: "ஏத்தா அய்யம்மா, அவன் ரத்தம் இவ உடம்புல ஓடுதுன்னா, ரெண்டும் ஒரு ரத்தமாயிருச்சுல்ல? ஒரு ரத்தம்னா கூடப்பிறந்ததுதான? அண்ணன் தங்கச்சிக்கா பரிசம் போட்டு வச்சிருக்கீக?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் வினை. கெட்டவள் கேட்டிருந்தால் போடி என்று விரட்டியிருக்கலாம். அய்யம்மாள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. சின்னச்சாமி பெரியவர்கள் ரெண்டு மூன்று பேரைக் கேட்டார். இதற்குமுன் எவனும் எவளுக்கும் ரத்தம் கொடுத்ததில்லை, அதனால் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியாததில் எதற்கு வம்பு என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். தையில் நடக்கவேண்டிய கல்யாணம் தள்ளிப்போனது.

சுருளிவேல் உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஏற்றிய ரத்தம் நாலு மாதத்தில் அழிந்துபோகும், உடம்பு தானே புது ரத்தம் ஊறவைத்துக்கொள்ளும், அப்புறம் உன் ரத்தத்தில் ஒரு சொட்டுகூட அவளிடம் இருக்காது, போய்த் தாலியைக் கட்டு என்றார். சுருளிவேல் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. தள்ளிக்கொண்டே மாமன் வீட்டுக்கு ஓடினான்.

"நாலு மாசத்துல அழிஞ்சிருமாம் மாமா! டாக்டரே சொல்றாக. மாசி கழியட்டும், பங்குனியில வச்சுக்கிருவோம்."

சின்னச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அழிஞ்சிருமா? அப்ப எம் மக உசுரும் நாலு மாசந்தேனா?"

"ஐயோ, அது இல்ல மாமா. அவளுக்கே ஊறிக்கிரும்."

"உன் ரத்தம் ஊறுன உடம்புல ஊறுறதும் உன் ரத்தந்தேனப்பா. உறை ஊத்துன பாலு தயிராகாமப் போகுமா?" அவர் கண் கலங்கிவிட்டது. "உனக்குத் துரோகம் செய்யல மருமகனே. நாளைக்கு உங்களுக்குக் கையி காலு வெளங்காம ஒரு பிள்ளை பிறந்தா நான் எந்தக் கெணத்துல விழுறது? பெத்தவன் ஓடின எடத்துல நின்னவன் நீ. இனி நீதேன் எனக்கு மகன்."

"எனக்கு மகனெல்லாம் வேணாம் மாமா. அவ சொல்லட்டும். அவ வேணாம்னு சொன்னாப் போயிர்றேன்."

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் விளிம்பும் மாவுக்கட்டுப் போட்ட காலும் தெரிந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள். அய்யம்மாள் அந்த அறை வாசற்படியில் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று உள்ளே பார்த்தபடியே இருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சுருளிவேல் கழன்ற செயினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு மரத்ததுதான் அவன் மனசு.

ராக்கம்மாள் சும்மா விடுவாளா? தம்பி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "எம் மகன் ரத்தம் வேணும், எம் மகன் வேணாமாடா? நல்லாருப்பியா நீ!" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. சுருளிவேல்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "விடுத்தா" என்று மட்டும் சொன்னான்.

மறுவருஷம் முத்துப்பேச்சிக்குக் கோம்பையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். லேசாகத் தாங்கி நடப்பதால் ரெண்டாம் தாரமாகத்தான் இடம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துவருவது மைத்துனன் வேலை. அழகுமலை வெள்ளை வேட்டியோடு தயாராக நின்றான். சின்னச்சாமி மாலையைப் பிடுங்கி, சபை பார்க்க, சுருளிவேல் கையில் கொடுத்தார். பெரிய மரியாதை செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. சுருளிவேல் போட்டான், அழைத்துவந்தான், பந்தியில் பரிமாறினான். எல்லாம் வேறு யாரோ செய்வதைப் போல இருந்தது. பெண் கிளம்பும்போது, "அண்ணன்கிட்டச் சொல்லிக்க ஆத்தா" என்று அய்யம்மாள் எடுத்துக்கொடுத்தாள். "போயிட்டு வாரேன்ணே" என்றாள் முத்துப்பேச்சி, தரையைப் பார்த்தபடி. "சரி" என்றான் அவன்.

அதற்கப்புறம் எங்காவது ஜீப் கவிழ்ந்தால், பிரசவத்தில் ரத்தம் போனால், கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஆள் தேடி வந்தது அவனைத்தான். இந்தப் பக்கத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு உயிரோடு திரிகிற ஆள் அவன் ஒருத்தன்தான் என்று பேராகிவிட்டது. பலகையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே கிளம்புவான். ஒரே ஒரு நிபந்தனை: "யாருக்குன்னு எங்கிட்டச் சொல்லாதீக." கொடுத்ததும் காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவான். நன்றி சொல்லக் குடும்பத்தோடு வந்தவர்களைக் கண்டு கழிப்பறையில் ஒளிந்ததும் உண்டு. மூன்று மாதம் ஆகவில்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பினால் மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கும்.

ராக்கம்மாள் பெண் கேட்டு ஏறி இறங்காத வீடில்லை. போன இடத்தில் எல்லாம், "உன் மகன் யார் யாருக்கு அண்ணன்னு அவனுக்கே தெரியாதாமே. எங்க பிள்ளைக்குப் போன வருஷம் பாட்டில் ஏத்துனாக. எதுக்கும் வேற எடம் பாருங்க" என்றார்கள். கேட்டு ஊரே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். கல்யாணம் என்ற பேச்சு அதோடு தேய்ந்துபோனது.

எண்பத்தொன்றில் முத்துப்பேச்சியின் பெண் குழந்தைக்குக் கோம்பையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். அந்த மடியும் சுருளிவேல் மடிதான் என்று சின்னச்சாமி ஆள் அனுப்பியிருந்தார். அழகுமலை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, ரெண்டாம் தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்தான். மாமன் சீராகப் பட்டுப்பாவாடையும் கல் வைத்த தோடும் கொண்டுவந்திருந்த சுருளிவேல் மணையில் உட்கார்ந்தான். மொட்டை அடித்த குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டார்கள். அது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகியது.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சி காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து, மொட்டைத் தலையில் சந்தனம் தடவுகிற சாக்கில் அவனுக்கு முன்னால் குனிந்தாள். மேளச் சத்தத்தில் மற்றவர் காதில் விழாது.

"அன்னிக்கு அழகுமலை மாதிரி நீங்களும் ஓடியிருக்கலாம்ல?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வேற எவன் ரத்தத்தையாவது ஏத்தியிருப்பாக. பொழைச்சாப் பொழைச்சிருப்பேன். செத்தாலும் உங்களுக்குன்னு பேசி வச்சவளாத்தான செத்திருப்பேன்."

"அன்னிக்கு நான் வந்து கேட்டேனே. உள்ளதான இருந்த?"

"ஆத்தா கையில அரளி விதையை அரைச்சு வச்சுக்கிட்டு வாசப்படியில நிண்டுச்சு. வாயைத் திறந்தா, குடிச்சிருவேன்னுச்சு."

அவள் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டாள். அவளுக்கு அவன் வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷமும் அவன் நினைத்திருந்தான். இதில் பாதியை அன்றைக்குத் தெரிந்துகொண்டிருந்தால் மாவுக்கட்டோடு தூக்கிக்கொண்டு மலை ஏறியிருப்பான். இப்போதாவது நெஞ்சு வலிக்கும், ஓவென்று அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். வரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"தாய்மாமன், பிள்ளை தலையை அசையாமப் பிடிங்க" என்றார் ஆசாரி.

சுருளிவேல் பிடித்துக்கொண்டான். குழந்தை வீறிட்டு அழுதது. அது அழுது ஓய்கிறவரைக்கும், சுற்றி நின்றவர்கள் எல்லாம் சாப்பிடப் போன பிறகும், அவன் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.